இரத்த வங்கி மருத்துவம்: நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு மேற்படிப்பு



"ஓ நெகட்டிவ் இரத்தம் அவசரம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும், நம் இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் நிற்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. அப்படிக் கொடுத்த இரத்தம் நோயாளியின் உடலில் ஏறும் வரை என்ன நடக்கிறது, அதற்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் யார் என்பதைத்தான் நாம் அதிகம் அறிந்திருக்கவில்லை. அதை இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு பையில் மூன்று மருந்து

நம்மிடம் ஒரு தடவையில் எடுப்பது 350 அல்லது 450 மில்லி இரத்தம். அதைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை பயன்படும். பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு இருக்கும்.

ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகள் கட்டாயம். ஆனால் நோய் தொற்றிய தொடக்க நாட்களில் சோதனையில் அது தெரியாமல் போகலாம். அதனால்தான் கொடையாளியிடம் முன்கூட்டியே பல கேள்விகள் கேட்கிறார்கள். 2018ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு, ஏற்றிய இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. இந்தத் துறையில் ஒரு கவனக்குறைவு எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு அதுவே போதும்.

குரூப் பொருந்தினால் போதுமா?

1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ஏ, பி, ஓ பிரிவுகளை விளக்கினார். நம்மில் பலருக்கு இரத்தம் பற்றிய அறிவு அத்துடன் நின்றுவிடுகிறது. 1952இல் பம்பாயில் ஓர் அரிய பிரிவு கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண சோதனையில் அது 'ஓ' போலவே தெரியும். ஆனால் அவர்களுக்கு 'ஓ' இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. 'பம்பாய் குரூப்' உள்ள இன்னொருவரின் இரத்தம்தான் பொருந்தும்.

தலசீமியா உள்ள குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டியவர்கள் அவர்கள். ஏற்றி ஏற்றி, சிலரின் உடலில் பிறர் இரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகிவிடும். பிறகு குரூப் ஒன்றாக இருந்தாலும் பல பைகள் ஒத்துக்கொள்ளாது. எது ஒத்துக்கொள்ளும் என்று தேடிக் கண்டுபிடிப்பது தனித் திறமை.

இன்னொன்று, நம் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டியது. "சொந்தத் தம்பி இருக்கும்போது வெளியார் இரத்தம் எதற்கு?" என்று நாம் வாதிடுகிறோம். நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியின் உடலையே தாக்கத் தொடங்கும். இது அரிதாகவே நடக்கும். நடந்தால் பிழைப்பது கடினம். எனவே உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். "தம்பி கொடுக்கட்டும், அது வேறொருவருக்குப் போகட்டும்" என்று மருத்துவர் சொன்னால், அது நம் நன்மைக்கே.

படிப்பு எப்படி?

1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம், காசுக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்கும்படி தீர்ப்பளித்தது. இரத்தம் சேகரித்தல், பாதுகாத்தல், ஏற்றுதல் ஆகியவற்றுக்கென மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு தொடங்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருந்தது.

இன்று எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் இத்துறையில் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படிக்கலாம். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., லக்னோ சஞ்சய் காந்தி பி.ஜி.ஐ. போன்ற இடங்களில் எம்.டி. இருக்கிறது. கொடையாளியைத் தேர்வு செய்வது, முகாம் நடத்துவது, இரத்தத்தைப் பிரிப்பது, எதிர்ப்பொருளைக் கண்டறிவது, இயந்திரத்தின் மூலம் பிளேட்லெட்டை மட்டும் எடுப்பது, ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் காரணம் அறிவது என்று எல்லாவற்றிலும் பயிற்சி உண்டு. ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும்.

இரத்த மையத்தில் ஓராண்டு அனுபவமும் துறையறிவும் உள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவரே மையத்துக்குப் பொறுப்பேற்கச் சட்டம் இடம் தருகிறது. சிக்கலான நோயாளி வரும்போதுதான் முழுப் பயிற்சி பெற்றவரின் அருமை தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

எம்.பி.பி.எஸ். முடித்த மகனோ மகளோ இந்தத் துறையைச் சொன்னால், "இதில் கிளினிக் வைக்க முடியுமா? யார் தேடி வருவார்கள்?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். உண்மைதான், நோயாளி இந்த மருத்துவரின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் பிரசவத்தில் இரத்தம் கொட்டும் தாயும், விபத்தில் அடிபட்ட இளைஞனும், கீமோ எடுக்கும் புற்றுநோயாளியும் அவர் கையெழுத்திட்டு அனுப்பும் பையை நம்பியே படுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

இரத்தம் கொடுக்கப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விடுங்கள். "இப்போது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் மனம் வருந்தாதீர்கள். இன்ஷா அல்லாஹ், தகுதியான இன்னொரு நாளில் கொடுக்கலாம்.