இயர்பட்ஸில் காது கேட்கும் கருவி: வாங்கும் முன் நாட்டைப் பாருங்கள்

ஒயர் இல்லாத இயர்பட்ஸ் பாட்டுக் கேட்பதற்கு மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது. காதைச் சோதித்துப் பார்க்கவும், காது மந்தமானவர்களுக்குக் கேட்கும் கருவியாகவும் அது பயன்படும் என்ற செய்தி இப்போது பலருக்கும் தெரியும்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் இந்தச் செய்திக்கு மவுசு அதிகம். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை என்று எங்கே போனாலும் விசைத்தறிச் சத்தம். பல வருஷம் தறி ஓட்டியவர்கள், போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்கள் பலர் வயதான பிறகு டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால், "தாத்தாவுக்கு இந்த இயர்பட்ஸ் வாங்கித் தரலாமா?" என்று உறவினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. "அந்த வசதி இந்தியாவில் திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி.

ஒரே பொருளில் நாட்டுக்கு நாடு வசதி மாறுமா? மாறும். ஏன், எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

என்ன வசதி இது?

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸை எடுத்துக்கொள்வோம். 2022-ல் இந்தியாவில் ரூ.26,900 விலைக்கு அறிமுகமான பொருள் இது. கேட்கும் கருவி வசதி அப்போது அதில் இல்லை. 2024 அக்டோபர் 28 அன்று வெளியான ஐஓஎஸ் 18.1 என்ற சாஃப்ட்வேர் மூலம்தான் வந்தது. அதாவது, பழைய பொருளுக்குள் புதிய சாஃப்ட்வேர் நுழைந்து அதைக் கேட்கும் கருவி ஆக்கிவிட்டது.

முதலில் ஐபோன் பல சுருதிகளில் மெல்லிய ஒலிகளை எழுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிக்கும். அந்த முடிவை வரைபடமாகக் காட்டுவதற்கு ஆடியோகிராம் என்று பெயர். பிறகு எந்தச் சுருதி குறைவாகக் கேட்கிறதோ, அதை மட்டும் கூட்டிக் கொடுக்கும்.

தறிச் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இது முக்கியம். தொடர்ந்த இரைச்சல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதிகளைத்தான் முதலில் பாதிக்கும். இதனால் பேச்சு காதில் விழும். ஆனால் சொல் புரியாது. 'பட்டு', 'கட்டு', 'தட்டு' மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். "கத்தாதே, கேட்கிறது. என்ன சொன்னாய்?" என்று பெரியவர்கள் எரிச்சல்படுவது இதனால்தான். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டினால் இந்தக் குறை தீராது.

ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

பாட்டுக் கேட்கும் பொருளுக்கு மருத்துவ அனுமதி தேவையில்லை. "காது கேளாமைக்கு உதவும்" என்று சொன்ன உடனே அது மருத்துவக் கருவி ஆகிவிடுகிறது. கருவி மட்டுமல்ல, அதில் ஓடும் சாஃப்ட்வேரும் இந்தக் கணக்கில் சேரும்.

அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பர் 12 அன்று இந்தச் சாஃப்ட்வேருக்கு அனுமதி கொடுத்தது. 18 வயது நிரம்பிய, லேசான அல்லது மிதமான கேட்கும் குறை உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், மருத்துவ சாஃப்ட்வேர் உட்பட, அதன் கீழ் வந்துவிட்டன. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம் என்பதால், வசதியும் ஒவ்வொரு நாடாகத்தான் திறக்கிறது.

இது புதிதல்ல. ஆப்பிள் வாட்சில் இதயத் துடிப்பை இ.சி.ஜி. எடுக்கும் வசதி அமெரிக்காவில் 2018 டிசம்பரில் வந்தது. இந்தியாவுக்கு 2019 செப்டம்பரில்தான் வந்தது. இந்த இடைவெளியில் இங்கே அதே வாட்சை வாங்கிக் கட்டியிருந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

"அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வாங்கி அனுப்பினால்?" என்று சிலர் கேட்பார்கள். இயர்பட்ஸ் எங்கே வாங்கினது என்பதை விட, அதை அமைக்கும்போது போன் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். போனுக்கு அதை அறியப் பல வழிகள் உண்டு:

1. செட்டிங்ஸில் உள்ள நாடு, நேர மண்டலம்.
2. ஆப் ஸ்டோர் கணக்கின் நாடு.
3. சிம் கார்டு. இந்திய மொபைல் நெட்வொர்க்குகளின் எண் 404 அல்லது 405 என்று தொடங்கும்.
4. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்.
5. அக்கம்பக்கத்து வை-ஃபை ரவுட்டர்கள். எந்த ரவுட்டர் எந்த ஊரில் உள்ளது என்ற பட்டியலைப் பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன.

2024 நவம்பரில் பெங்களூரில் லாக்ரேஞ்ச் பாயின்ட் என்ற நண்பர் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. குழுவில் ஒருவர் தன் பாட்டிக்காக ஏர்பாட்ஸ் வாங்கினார்; கேட்கும் கருவி வசதி அப்போது இந்தியாவில் திறக்கவில்லை. செட்டிங்ஸை மாற்றினது மட்டும் போதவில்லை. கடைசியில், வெளி சிக்னல் நுழையாதபடி அலுமினியத் தாள் போட்ட பெட்டிக்குள் ஐபேடை வைத்தார்கள். 1836-ல் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டிய அதே கூண்டுத் தத்துவம்தான். உள்ளே ஒரு சின்ன சில்லு, கலிபோர்னியாவின் வை-ஃபை பெயர்களைப் போலியாக ஒலிபரப்பியது. ஐபேட் ஏமாந்தது, வசதி திறந்தது.

கெட்டிக்கார வேலைதான். ஆனால் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அடுத்த அப்டேட்டில் என்ன ஆகும் என்று தாத்தாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, 'ஏர்பாட்ஸ் ப்ரோ ஃபீச்சர் அவைலபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஆப்பிளின் சொந்தத் தளத்தில் உள்ள பக்கத்தை மட்டும் திறங்கள். பக்கம் நீளமானது. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டினால் ஒரு சின்னத் தேடல் பெட்டி வரும். அதில் இந்தியா என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். காது சோதனை, கேட்கும் கருவி, செவிப் பாதுகாப்பு மூன்றும் தனித்தனி. 2024 அக்டோபரில் செவிப் பாதுகாப்பு வசதி அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே இருந்தது. ஆகவே ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, வீட்டில் ஐஓஎஸ் 18.1 அல்லது அதற்குப் பிந்தைய சாஃப்ட்வேர் ஓடும் ஐபோன் அல்லது ஐபேட் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு போனை வைத்து இந்த வசதியை அமைக்க முடியாது. வேறு கம்பெனி இயர்பட்ஸ் என்றாலும் இதே போல அந்தக் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

செலவில்லாத வழிகள்

மருத்துவக் கருவி என்று சொல்லிக்கொள்ளாத உதவி வசதிகள் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி சென்று 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். ஒயர் உள்ள இயர்போன் போட்டால் ஒலி தாமதம் குறையும். 'லைவ் டிரான்ஸ்கிரைப்' எதிரே இருப்பவர் பேசுவதைத் தமிழ் எழுத்தாகத் திரையில் காட்டும். ஐபோனில் 'ஹெட்ஃபோன் அக்காமடேஷன்ஸ்' பகுதியில் ஆஸ்பத்திரியில் எடுத்த ஆடியோகிராமைச் சேர்க்கலாம்.

முதலில் ஆஸ்பத்திரி

எந்த இயர்பட்ஸும் டாக்டருக்கு மாற்று அல்ல. காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும். 60 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால் இயர்பட்ஸ் உதவாது. சரியான கருவி வேண்டும். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு இலவசக் கேட்கும் கருவி பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னும் ஒன்று. இப்போது தறியில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தேவை கேட்கும் கருவி அல்ல, சில ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சு போன்ற காது அடைப்பான். அதற்கு எந்த நாட்டு அனுமதியும் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.