படமா, கதையா? இரும்புக்கை மாயாவிக்கு ஒரு பரீட்சை



முன்னுரை

படக்கதை என்றாலே "பொம்மை பாக்குற புக்கு" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதிலும் நல்லது, சுமாரானது என்று உண்டு. அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன மழையில் அதற்கு ஒரு கட்டாயம் வந்தது.

எங்கள் பெரியப்பா சின்ன வயதில் சேர்த்த காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. கூரை ஒழுகியதால் பெட்டி வைக்க இடம் இல்லை. "எடைக்குப் போட்டுடலாம். நீ ரெண்டு மட்டும் எடுத்துக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டார். எந்த இரண்டு? அங்கேதான் என் பரீட்சை ஆரம்பித்தது.

கடைசியாக நின்ற இரண்டு பேர்

ஒருவர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இவர் கதைதான். மூலக்கதை 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் மறையாது. (இது கதை. நிஜத்தில் கரண்டைத் தொட்டால் உயிரே போய்விடும். யாரும் விளையாடாதீர்கள்.)

இன்னொருவர் ஸ்பைடர். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்தவர். இதுவும் இங்கிலாந்துக் கதைதான், 1965-ல் வந்தது. வரைந்தவர் ரெக் பன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இவர் கதைகள் பலவற்றை எழுதியிருக்கிறார். ஸ்பைடர் முதலில் கொள்ளைக்காரன். பிறகு கெட்டவர்களையே எதிர்க்கிறான்.

சோதனை 1: எழுத்தை மூடு

பேப்பர் துண்டுகளால் எழுத்தை மறைத்துவிட்டு, நாலாவது படிக்கும் தம்பியிடம் கதை சொல்லச் சொன்னேன். அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். மாயாவியைப் பார்த்துக் கடகடவென்று சொன்னான். ஒரு கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது, எதிரில் இருப்பவன் முகம் வெளுக்கிறது. இதற்கு எழுத்து எதற்கு? பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படம், சாயங்காலம் நம் கோட்டைப் பாறைகளில் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலும் விழுமே, அந்த மாதிரி இருக்கும். நான் ராஜகிரியை வரைந்தால் இட்லி அடுக்கியது போல வரும்!

ஸ்பைடரில் தம்பி திணறினான். "யாரு யாரை எதுக்கு அடிக்கிறாங்கன்னே தெரியலக்கா" என்றான்.

சோதனை 2: படத்தை மூடு

ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். மாயாவியைக் கேட்டுவிட்டு, "யார் கண்ணுக்கும் தெரியாதவனுக்கு என்னாடி ஆபத்து? அவன்தான் ஜெயிப்பான்" என்று வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டது. ஸ்பைடருக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. "திருடனே திருடனப் புடிக்கிறானா? நாளைக்கு மறுபடியும் கெட்டவனா ஆயிட்டா?" என்று கேட்டது. அந்தச் சந்தேகம்தான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

மார்க் போட்டேன். மாயாவி: படம் 9, கதை 5. ஸ்பைடர்: படம் 6, கதை 8. இரண்டுக்கும் கூட்டினால் 14! அப்புறம்தான் கூட்டிப் பார்ப்பதே தப்பு என்று புரிந்தது.

சோதனை 3: இரண்டும் கைகொடுக்கிறதா?

கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் எவ்வளவு ஜொலித்தாலும், பாட்டும் வசனமும் சேராவிட்டால் ஜனங்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். படக்கதையும் அப்படித்தான்.

மாயாவி மறைந்த பிறகு அவர் முகம் படத்தில் இல்லை. அவர் பயப்படுகிறாரா, கோபப்படுகிறாரா என்பதை எழுத்துதான் சொல்ல முடியும். ஆயா கேட்ட கேள்விக்குப் பதிலோ படத்தில் இருக்கிறது. கை மறையாது, அதைப் பார்த்தே எதிரி பிடித்துவிடலாம், அதுதான் ஆபத்து. எழுத்து இதை ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறது. அவர் மறையும்போதெல்லாம் படம் ஞாபகப்படுத்துகிறது. இதை ஆயாவிடம் சொன்னேன். "அத மொதல்லயே சொல்றதுதானே! படி, படி" என்றது.

ஸ்பைடரிலோ, அவன் சுவரில் ஏறுவது படத்திலேயே தெரியும்போது "நான் சுவரில் ஏறுகிறேன்" என்று அவனே சொல்லுகிற மாதிரி இடங்கள் உண்டு. அங்கே எழுத்து வீண்.

முடிவுரை

படம் அழகா, கதை அழகா என்று தனித்தனியாகக் கேட்காதீர்கள். படம் சொல்ல முடியாததை எழுத்து சொல்கிறதா, எழுத்து சொல்ல முடியாததைப் படம் காட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு மாயாவிதான் முதலிடம். ஆயாவுக்காக ஸ்பைடரையும் வைத்துக்கொண்டேன். பளபளவென்று கலரில் இருந்த ஒரு புத்தகத்தை மனசே இல்லாமல் விட்டுவிட்டேன். அதில் ஒவ்வொரு பக்கமும் அழகுதான், ஆனால் எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. மீதி எல்லாம் எடைக்குப் போனது. தராசைப் பார்க்க நான் வாசலுக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய காமிக்ஸ் இருந்தால் எடைக்குப் போடும் முன் இந்த மூன்று சோதனையும் செய்து பாருங்கள். என்னிடம் இருக்கும் இரண்டும் வேண்டுபவர்கள் மதிய இடைவேளையில் கேட்கலாம். பக்கத்தை மட்டும் மடக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி