மாத்திரையில் மருந்து எவ்வளவு?

மாத்திரை உறையின்மேல் 200 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு நாம் ஐயுறாது விழுங்கிவிடுகிறோம். அவ்வெண் மெய்தானா என்பதைக் கண்ணும் நாவும் அறியா. மாத்திரையின் எடையும் சான்றாகாது. மருந்தோடு பாற்சர்க்கரை, மரநார்ப் பொடி முதலியனவும் அதிற் கலந்துள்ளன. அக்கி நோய்க்கு வழங்கும் அசைக்ளோவிர் என்னும் மருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒளியினால் இதனை அறியும் வகையை ஈண்டு ஆராய்வோம்.

அசைக்ளோவிர், உயிரணுக்களின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வில் ஓர் உறுப்பான குவானின் என்பதன் இரட்டை வளையத்தை அப்படியே கொண்டது. சர்க்கரை வளையம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிறு சங்கிலி தொங்குகிறது. அக்கி வைரஸ் தன் நொதியினாலேயே இம்மருந்தைத் தூண்டிவிட்டு, பின்னர் அதைக் குவானின் கூறென்றே எண்ணித் தன் டி.என்.ஏ. இழையிற் கோத்துக்கொள்கிறது. இதற்குமேல் இழையை நீட்ட இடமில்லை. வைரஸின் பெருக்கம் நின்றுவிடுகிறது. இம்மருந்தின் ஆராய்ச்சியில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-ல் மருத்துவ நோபெல் பரிசை வேறிருவரோடு பகிர்ந்துகொண்டார்.

வைரஸை ஏமாற்றும் அவ்வளையமே நமக்கு அளவுகோலாகவும் உதவுகிறது. வானவில்லின் ஊதாவுக்கு அப்பாலும் கட்புலனாகாத ஒளி உண்டென்பதை ரிட்டர் என்பார் 1801-ல் கண்டறிந்தார். அப்புறஊதா ஒளியில், அலைநீளம் 255 நானோமீட்டர் உள்ள பகுதியை அசைக்ளோவிரின் அமிலக் கரைசல் மிகுதியாக விழுங்குகிறது. மாத்திரையிலுள்ள மற்றப் பொடிகளோ அவ்விடத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை.

இனி, விழுங்கப்பட்ட ஒளியிலிருந்து மருந்தின் அளவை எங்ஙனம் கணிப்பது? கரைசலைச் சம தடிப்புள்ள படலங்களாக எண்ணிக்கொள்க. முதற் படலம் தன்மேல் விழும் ஒளியிற் பாதியைக் கவர்ந்தால், அடுத்தது எஞ்சியதிற் பாதியைக் கவரும். நான்கு படலங் கடந்தபின் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். விழுந்த ஒளியை வெளிவந்த ஒளியால் வகுத்து, அவ்வீவுக்கு மடக்கை எடுத்தால், அது படலந்தோறும் சமமாகக் கூடிச்செல்லும். இதுவே உறிஞ்சளவு. தடிப்புக்கு நேர்விகிதமாக அது வளரும் என்பது 1760-ல் லாம்பர்ட்டும், செறிவைப்பற்றி 1852-ல் பீயரும் எழுதியவற்றால் விளங்கும். மிகச் செறிந்த கரைசலில் இவ்விதி பிசகும். ஆதலின் கரைசலை நன்கு மெலிதாக்கவேண்டும்.

பிரிட்டிஷ் பார்மகோப்பியா என்னும் மருந்துத் தரநூல் வழங்கியுள்ள முறை இது. 20 மாத்திரைகளை நிறுத்துப் பொடித்து, 0.1 கிராம் மருந்து அடங்கவேண்டிய பொடியை எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் இட்டு, செவிக்கெட்டா ஒலியலையால் 15 நிமிடம் அசைத்து, 100 மில்லிலிட்டராக்கி வடிகட்டவேண்டும். இம்மருந்து வெறுநீரிற் சிறிதே கரைவதனால்தான் காரத்தை நாடுகிறோம். வடிகட்டுதலிற் சோம்பல் கூடாது. கலங்கல் ஒளியைச் சிதறடித்து, இல்லாத மருந்தை இருப்பதாகக் காட்டும். வடிநீர் 15 மில்லிலிட்டரோடு 50 மில்லிலிட்டர் நீரும், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5.8 மில்லிலிட்டரும் சேர்த்து, நீரால் 100 ஆக்குக. 5.8 என்பது மனம்போனபடி வைத்த எண்ணன்று. காரத்தைச் சமன்செய்தபின் அமிலம் ஏறக்குறைய 0.1 மோலார் எஞ்சும்படி அமைந்தது. மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இதில் 5 மில்லிலிட்டரை 0.1 மோலார் அமிலத்தால் 50 ஆக்கி, 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் கலத்தில் ஊற்றி அளக்கவேண்டும். சாதாரணக் கண்ணாடி இவ்வொளியை மறித்துவிடுமாகையால் பயன்படாது.

100 மில்லிலிட்டரில் 1 கிராம் கரைந்திருப்பின் உறிஞ்சளவு 560 என்பது நூல் தரும் எண். நம் கடைசிக் கரைசலில் 0.0015 கிராம் இருத்தல் வேண்டும். எனவே கருவி 0.84 காட்டவேண்டும். 0.756 மட்டுமே காட்டினால்? 560-ஆல் வகுக்க 0.00135, அதாவது நூற்றுக்கு 90. உறையிற் கண்ட 200 மில்லிகிராமில் 180-தான் உள்ளது. நூல் இடந்தருவது 95 முதல் 105 வரையே, அத்தொகுதி தள்ளத்தக்கது.

நிற்க, 0.84 காட்டிவிட்டால் மாத்திரை குற்றமற்றதென்று உடனே கையொப்பமிடலாமோ? கூடாது என்பதே என் துணிபு. ஒளி குறைந்தது என்று கருவி கூறுமேயன்றி, அதைக் கவர்ந்தது யார் என்று கூறாது. அசைக்ளோவிர் அமிலத்தாற் சிதையும்போது தோன்றுவது குவானினே. அதே வளையத்தை உடையதாதலின் அதுவும் 255-ஐ ஒட்டிய ஒளியையே விழுங்கும். ஆகவே கெட்டுப்போன மருந்தும் தன் பிணத்தால் உயிருள்ளதுபோல் அளவு காட்டக்கூடும். வைரஸை ஏமாற்றிய ஒப்புமை இப்போது ஆய்வாளனை ஏமாற்றுகிறது.

இதுபற்றியே குவானினுக்குத் தனிச் சோதனையும் தரநூல்களில் விதிக்கப்பட்டுள்ளது. குரோமட்டோகிராபி முறையில் கரைசலை நுண்துகள் நிரம்பிய குழாயின் வழியே அழுத்திச் செலுத்துவர். குவானினும் மருந்தும் வெவ்வேறு நேரங்களில் வெளிவரும். குழாயின் வாயில் குவார்ட்ஸ் பலகணியொன்று உண்டு. அதனூடே முற்கூறிய புறஊதா ஒளியே பாய்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கிறது.