கவுன்சிலரே, கட்டைப் பிரித்தீர்களா?

நகராட்சியில் மன்றப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பார்வை பழகிவிடும். கூட்டத்துக்கு முன்னால் அலுவலக உதவியாளர் அஜெண்டா கட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவார். கூட்டத்தன்று அதே கட்டு, மடிப்புக்கூடக் கலையாமல், உறுப்பினரின் கையோடு மன்றத்துக்குத் திரும்பி வரும். யார் பிரித்தார், யார் பிரிக்கவில்லை என்று வாசலில் நுழையும்போதே சொல்லிவிடலாம்.

பல ஊர்களில் அந்தப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் சிதம்பரத்தில் இருக்கிறேன். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சிதம்பரம் நகராட்சியில் 33 வார்டு, அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநகராட்சியாகியிருந்த கடலூரில் 45 வார்டு. பாதி இடங்கள் பெண்களுக்கு. முதல் தடவையாக வந்தவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் இரண்டு ஊரிலிருந்தும் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "சார், இதுல நான் என்ன பார்க்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மன்றத்தில் போட்ட சத்தம் மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும், அதோடு சரி. அதிகாரியையும் ஒப்பந்ததாரரையும் தணிக்கைக்காரரையும் கட்டுப்படுத்துவது எழுத்தில் ஏறியது மட்டுமே. என் அனுபவத்தில் வார்டுக்கு வேலை நடத்திக் கொண்டவர்கள் அதிகம் பேசியவர்கள் அல்ல, தாளைப் படித்துத் தேதி போட்டுப் பத்திரப்படுத்தியவர்கள்.

கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

மன்றப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு உண்டு. மேலே பொருளின் தலைப்பு, அடுத்து அலுவலகக் குறிப்பு, கடைசியில் மன்றத்திடம் என்ன கேட்கிறார்கள் என்ற வரி. குறிப்பு ஒரே வாக்கியமாக அரைப் பக்கம் ஓடும். படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். அதனால் கடைசி வரியை முதலில் படியுங்கள். "மன்றத்தின் பார்வைக்கு" என்று முடிந்தால் தகவல். "மன்றத்தின் அனுமதிக்கு" என்றால் இனிமேல்தான் வேலை, நீங்கள் கேள்வி கேட்டு மாற்ற இடம் இருக்கிறது. "மன்றம் பின்னேற்பு செய்ய" என்றால் வேலை முடிந்துவிட்டது, செலவுக்கு உங்கள் ஒப்புதல் கேட்கிறார்கள்.

பின்னேற்பு வரும் பொருளின் உடம்பில் "அவசர அவசியம் கருதி" என்ற சொல் எங்காவது இருக்கும். அதை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சலும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது என்று பார்த்த ஊர் கடலூர். இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மோட்டார் வாடகைக்கு எடுக்க மன்றக் கூட்டம் வரை யாரும் காத்திருக்க முடியாது. ஆனால் மழைக்காலம் முடிந்து வரும் கூட்டத்தில் இப்படிப் பல பொருள்கள் வரிசையாக வரும்போது ஒவ்வொன்றிலும் ஐந்து விஷயங்களைப் பென்சிலால் சுழியுங்கள்: வார்டு எண், தெரு, தொகை, எந்த நிதி, எந்தத் தேதியில் வேலை நடந்தது. தேதியும் தெருவும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்தத் தேதியில் அந்தத் தெருவில் மோட்டார் ஓடியதா என்பது என்ஜினியரைவிட அந்தத் தெருக்காரருக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நடை போய் இரண்டு வீட்டில் கேட்டால் போதும்.

இன்னொரு பழக்கமும் பெரிய பலன் தரும். போன வருஷத்து அஜெண்டாவைத் தூக்கிப் போடாதீர்கள். சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் வருஷம் தவறாமல் வரும். தேரோடும் நான்கு வீதிகளிலும் கூட்டம் நெரியும். கூடுதல் துப்புரவு, குடிநீர், தற்காலிகக் கழிப்பறை எல்லாம் அப்போது தேவைப்படும். வருஷா வருஷம் திரும்பி வரும் செலவு எதுவானாலும் போன வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு கூடியதா, விலை கூடியதா, வேலையின் பெயர் மட்டும் மாறியதா என்று நாலு நிமிஷத்தில் தெரியும். "போன வருஷம் இதே வேலைக்கு இவ்வளவு ஆனதே, இந்த வருஷம் ஏன் கூடியது?" என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் ஒரு கேள்விக்கு அரை மணி நேர ஆவேசப் பேச்சைவிட வேகமாகப் பதில் வரும்.

கூட்டம் தொடங்கும்போது மேஜையில் வைக்கப்படும் கூடுதல் பொருள்கள் தனி ரகம். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் முக்கியமான பொருள்கள் எல்லாம் இந்த வழியாகவே வந்தன. படிக்க நேரம் இருக்காது, "ஆல் பாஸ்" என்று குரல் எழும்பும், முடிந்துவிடும். அந்த இடத்தில் சண்டை போட வேண்டாம். பொருளை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகும் விளங்கவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு வைக்கக் கேளுங்கள். கேட்டதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தலைமையிடம் கொடுங்கள்.

மினிட்டில் ஏறினால்தான் உண்டு

கொடுத்த தாளுக்கு மறுபிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் விழ வேண்டும். ஆட்சேபணையோ திருத்தமோ, வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், "எனது ஆட்சேபணையைத் தீர்மானப் பதிவேட்டில் பதிவு செய்யக் கோருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். பிறகு தீர்மான நகல் வந்ததும் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைத் தடை வரும்போது "நான் அன்றைக்கே எதிர்த்தேனே" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மினிட் புத்தகம் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று சொன்னால் அதுதான் செல்லும்.

எழுத்துக்கு எவ்வளவு ஆயுள் என்று கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தது. அங்கே கூடிய கம்பெனி கவுன்சில் என்ன பேசியது, என்ன முடிவு செய்தது, என்ன கடிதம் வந்தது என்ற ஆலோசனைக் குறிப்புகளைச் சென்னை அரசு பிற்காலத்தில் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம் இடிபாடு. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மினிட் அச்சில் படிக்கக் கிடைக்கிறது. அதே ஊர்க் கவுன்சிலர் ஒருவர் போன ஏப்ரல் அஜெண்டாவைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுத் தேடுவதில் என்ன நியாயம்?

மெயில் யாருடையது?

இனி மெயிலுக்கு வருவோம். ஆணையர்களுக்கு அரசு மெயில் இருக்கிறது. நம் பக்கத்து உறுப்பினர்கள் பெரும்பாலும் சொந்த ஜிமெயிலில்தான் ஓட்டுகிறார்கள். அதையும் ஜெராக்ஸ் கடைத் தம்பி திறந்து கொடுத்திருப்பார். பாஸ்வேர்டு அவரிடம், ஓ.டி.பி. போவதும் அவர் நம்பருக்கு. 2023 முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியம். அதில் உதவியாளர் வைத்துக்கொள்ள முடியாது என்பது உண்மைதான். ஆனால் பாஸ்வேர்டைத் தன் கையில் வைத்துக்கொள்ளச் செலவு ஒன்றும் இல்லை.

பெண் உறுப்பினர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். ஓர் அம்மாவிடம் மெயிலைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"போன் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு சார். அவர் பார்த்துட்டுச் சொல்வாரு."

"கையெழுத்து யாரும்மா போடறது?"

"நான்தான்."

"அப்ப தப்பு வந்தா பதில் சொல்றதும் நீங்கதானே? படிக்கிறதும் நீங்களே படிங்க."

அடுத்த வாரமே தன் பெயரில் சிம் வாங்கினார். இப்போது அவர் எழுதும் மெயிலைப் பார்த்து மற்றவர்கள் நகல் எடுக்கிறார்கள்.

வார்டு வேலைக்கென்றே தனியாக ஒரு மெயில் திறங்கள். குடும்பப் போட்டோ, பிள்ளையின் காலேஜ் கடிதம், கட்சி அறிவிப்பு எதுவும் அதில் வரக் கூடாது. கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. போட்டோ, டிரைவ், மெயில் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். கல்யாண வீடியோவால் அது நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. கூட்ட அறிவிப்பு திரும்பிப் போயிருக்கும், நீங்களோ அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எழுதும் மெயிலில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் மூன்றையும் ஒன்றாக எழுதினால் மூன்று பிரிவுக்கும் பிரிக்க ஆளில்லாமல் ஓரிடத்தில் கிடக்கும். தலைப்பிலேயே எல்லாம் தெரிய வேண்டும்: "வார்டு 12, பள்ளிக்கூடத் தெரு, குடிநீர்க் குழாய் உடைப்பு, 3வது நினைவூட்டல்" என்பதுபோல. "வணக்கம்", "அவசரம்" என்ற தலைப்பில் வரும் மெயிலை யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். பதிலில் ந.க.எண் என்று ஒன்று இருக்கும். உங்கள் மனு உள்ளே கோப்பாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த மெயிலில் அதையே முதல் வரியில் போடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் நிறைய. லைன்மேனையும் துப்புரவு மேற்பார்வையாளரையும் அவசரத்துக்குக் கூப்பிட வாட்ஸ்அப் நல்ல கருவி. ஆனால் குரூப்பில் மேலே ஏறிப்போன செய்திக்கு எண்ணும் இல்லை, கோப்பும் இல்லை. காலையில் வாட்ஸ்அப்பில் சொன்னதைச் சாயங்காலம் இரண்டு வரி மெயிலாக எழுதிவிடுங்கள்.

சொந்த மெயில்தானே, யார் கேட்பார்கள் என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 2(எஃப்)இல் தகவல் எது என்று சொல்லும் பட்டியலில் மின்னஞ்சலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மன்றத்தின் கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் பிரிவு 4இன்படி அலுவலகம் தானாகவே தெரிவித்திருக்க வேண்டும். நகராட்சிக்கு நீங்கள் அனுப்பியது அங்கே ஆவணம், பத்து ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம். அமெரிக்காவில் சான் ஹோசே நகர உறுப்பினர்களின் சொந்த மெயில் பற்றிய வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊர் வேலையைப் பற்றி எழுதியது சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது ஆவணம்தான் என்று 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு வழக்கு வரும்வரை காத்திருப்பானேன்? நாளைக்கு யார் படித்தாலும் கூச்சப்படாத மெயிலை மட்டும் எழுதுங்கள்.

ஆதார் நகலும் வானவில் எழுத்தும்

மனு கொடுக்க வருகிறவர்கள் கேட்காமலே ஆதார், ரேஷன் கார்டு நகலைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதை அப்படியே படம் பிடித்துக் குரூப்பில் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சாக்கடை அடைப்புக்கு ஆதார் எதற்கு? முதியோர் உதவித்தொகை போன்ற விஷயத்தில் தேவைப்பட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கி, உரிய அலுவலருக்கு மட்டும் அனுப்புங்கள்.

பழைய கோப்புகளில் இன்னொரு தொல்லை. வானவில் எழுத்துருவில் அடித்த தீர்மானத்தை வேர்டு ஃபைலாக வாங்கினால் உங்கள் போனில் கிறுக்கலாகத்தான் தெரியும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் பழைய ஃபைல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே பி.டி.எஃப். ஆகக் கேளுங்கள். வந்ததும் "2025-06 கூட்டம் அஜெண்டா" என்று வருஷம், மாதம் முன்னால் வரும்படி பெயர் மாற்றிச் சேமியுங்கள். வரிசை தானாகவே அமைந்துவிடும், தேடும் வேலை மிச்சம்.

போகும்போது கொடுத்துவிட்டுப் போங்கள்

2022இல் வந்தவர்களின் ஐந்து வருஷத் தவணை ஒருநாள் முடியும். இதுவரை நான் பார்த்தவரை உறுப்பினர் மாறும்போது அடுத்தவருக்குக் கிடைப்பது வார்டு எண் மட்டும்தான். எந்தத் தெருவுக்கு எப்போது மதிப்பீடு போட்டார்கள், எது நிதியில்லாமல் நின்றது என்பதெல்லாம் முந்தையவர் வீட்டுப் பரணில் கிடக்கும். ஜனங்கள் புது ஆளிடம் அதே மனுவை முதலிலிருந்து எழுதுவார்கள். அலுவலகமும் புது எண் போட்டு முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். முடியாமல் நிற்கும் வேலைகளை மட்டும் அதில் எழுதுங்கள்: தெரு, என்ன வேலை, ந.க.எண், தீர்மானம் ஆகியிருந்தால் அதன் எண்ணும் தேதியும், கடைசியாக வந்த பதில். பென் டிரைவ் ஒன்றில் அஜெண்டா, தீர்மான நகல், மெயில்களையும் ஏற்றி நோட்டோடு வையுங்கள். ஆதார் நகல்களை மட்டும் அழித்துவிடுங்கள். ஜெயித்து வருகிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். அவர் முதல் கூட்டத்திலேயே பழைய எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டால், உங்கள் தெருவில் நின்றுபோன வடிகாலுக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகாது.