நிற்கும் இடமும் வாங்கும் வண்டியும்

உயர்ரக மோட்டார் வண்டி வாங்க உத்தேசித்திருக்கும் நண்பர்கள் யோசனை கேட்டு என்னிடம் வரும்போது, இன்ஜினின் சக்தியையும், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டும் என்பதையும், உள்ளே பதித்திருக்கும் திரைகளின் அகலத்தையும் பற்றியே முதலில் பேசுகிறார்கள். நானோ, வண்டியை இரவில் எங்கே நிறுத்துவீர்கள், பகலில் எங்கே நிறுத்துவீர்கள், அந்த இரண்டு இடங்களின் நீள அகலம் என்ன என்று கேட்கிறேன். அவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் பல வருஷங்களாக இத்தகைய வண்டிகளை வைத்துப் பராமரித்து வந்தவன் என்ற முறையில், வண்டி ஓடும் நேரம் சொற்பம், நிற்கும் நேரமே அதிகம் என்பதையும், என் வண்டிகளுக்கு நேர்ந்த காயங்களில் பெரும்பாலானவை சாலையில் அல்லாமல், நான் அருகில் இல்லாத சமயத்தில், அசையாமல் நின்ற இடத்திலேயே நேர்ந்தவை என்பதையும் நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். ஆகையால் நிற்கும் இடத்தைக் கொண்டே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு வகுத்திருக்கும் இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. நம் தகப்பனார் காலத்து அம்பாஸடர் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளந்தான். அந்தக் கட்டத்துக்குள் அது தாராளமாக அடங்கிவிடும். இன்று நம் நாட்டில் விற்கப்படும் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் நீண்ட வடிவம் 4.8 மீட்டரைத் தொடுகிறது. மெர்ஸிடிஸ் இ-கிளாஸ் 5 மீட்டரைத் தாண்டிவிட்டது. எஸ்-கிளாஸோ சுமார் 5.3 மீட்டர் நீண்டு, கோட்டுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அகலத்தின் கணக்கு இதைவிட முக்கியமானது. பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.83 மீட்டர் அகலமுள்ள ஒரு வண்டியைக் கட்டத்தின் நட்டநடுவில் நிறுத்தினால், இரு பக்கமும் மிஞ்சுவது தலைக்கு ஓரடியும் சற்றுக் கூடுதலுந்தான். அடுத்த கட்டத்து வண்டிக்கும் அதே ஓரடி இருப்பதாக வைத்துக்கொண்டாலும், புடவை கட்டிய ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு அந்த இடுக்கில் இறங்கும்போது, அவர் எவ்வளவு ஜாக்கிரதையானவராக இருந்தாலும், கதவின் விளிம்பு நம் வண்டியைத் தொட்டுவிடுவது இயற்கையே; குற்றம் அந்த அம்மாளுடையது அல்ல, அந்த அளவுகளுடையது.

இதனால்தான் இப்போதைய வண்டியை வாங்குமுன் அளவுநாடாவோடு எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, தூணிலிருந்து கோடு எவ்வளவு தூரம், சரிவுப் பாதையின் திருப்பம் எவ்வளவு அகலம் என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். ஷோரூமிலிருந்து வந்த இளைஞர், "சார், டெஸ்ட் டிரைவ்னா ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று ஆர்வத்தோடு சொன்னார். "ஈ.சி.ஆர். வேண்டாம் தம்பி, எங்க பேஸ்மென்ட்டுக்கு ஒருதரம் இறங்கி ஏறுவோம்" என்றேன். அவர் முதலில் திகைத்தாலும், இறங்கிப் பார்த்தபோது விஷயம் அவருக்கே விளங்கியது: சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் முகட்டில், சக்கரங்களுக்கு இடையே அதிக நீளங்கொண்ட அந்த வண்டியின் அடிவயிறு தரையை உரசியது. என் மனம் மிகவும் விரும்பிய வண்டி அதுதான். இருந்தும் அதை விட்டுவிட்டு, அதைவிடக் குட்டையான, தரையிலிருந்து சற்று உயர்ந்த வேறொன்றை எடுத்தேன். வண்டிகளை அடுக்கடுக்காகத் தூக்கி நிறுத்தும் இயந்திர நிறுத்தம் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் எடைக்கும் உயரத்துக்கும் வரம்பு உண்டு, பெரிய எஸ்.யூ.வி.களும், பாட்டரியின் பாரத்தைச் சுமக்கும் மின்சார வண்டிகளும் அந்த வரம்புக்குள் அடங்காமல் போகக்கூடும்.

மழைக்காலத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரையடித் தளங்களில் நீரில் மூழ்கிய வண்டிகளைக் கண்டவர்கள், அடைமழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பேஸ்மென்ட்டில் நிறுத்துகிறவர்கள் இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீரில் நின்ற வண்டியை எக்காரணங்கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. இன்ஜினுக்குள் புகுந்த நீர் அமுங்காது. அமுக்க முயலும் உறுப்புகளே வளைந்து முறியும்.

வண்டியின் மேனியைப் பற்றியும் முன்கூட்டி யோசிக்க வேண்டியவை உண்டு. கறுப்பு நிறம் கம்பீரமானதுதான். ஆனால் துடைக்கும் துணியின் தடங்கூட அதில் தெரியும். வெறும் வெள்ளையில் சிறு கீறல்கள் கண்ணுக்குத் தப்பும். பழுது பார்க்கும்போது நிறத்தைப் பொருத்துவதும் எளிது. முத்துப்போல் மின்னும் பல அடுக்குப் பூச்சுகளில் ஒரு கதவுக்கு மட்டும் வர்ணம் அடித்தால் பக்கத்துக் கதவோடு ஒட்டாது. அதனால் அடுத்த பாகத்துக்கும் சேர்த்துப் பூசிக் கலக்க வேண்டிவரும். சில உயர்ரக வண்டிகளின் பானட்டும் கதவுகளும் அலுமினியத்தால் ஆனவை. இரும்பைப் போல அது தன் பழைய வடிவத்துக்குச் சுலபமாகத் திரும்பாது. இரும்புத் தூள் படிந்தால் அரிப்பு உண்டாகுமாதலால் அதற்குத் தனிக் கருவிகளும் தனி இடமும் வேண்டும். ஷோரூமில் விலை பேசி முடிக்குமுன், முன் பம்பர், ஒரு ஹெட்லைட், பக்கக் கண்ணாடி ஆகிய மூன்று உதிரிப் பாகங்களின் விலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல உயர்ரக வண்டிகளில் ஹெட்லைட் ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டும். வண்டி நம் செங்கல்பட்டுக்கு அருகிலேயே பூட்டப்பட்டதாக இருந்தாலும் அந்த விலை இறங்கிவிடாது. சக்கரங்களில் பெரிய அளவுக்கு ஆசைப்படாமல், கம்பெனி தரும் மிகச் சிறிய அளவை எடுப்பது மேல். டயரின் பக்கச் சுவர் உயரமாக இருந்தால்தான் நடைபாதைக் கல் முதலில் ரப்பரைத் தொடும், உலோக விளிம்பைத் தொடாது.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் காயம் வரத்தான் செய்யும். வணிக வளாகம் ஒன்றில் சாமான் வாங்கித் திரும்பியபோது, என் வண்டியின் பின்கதவில் ஓர் ஒடுக்கும் அதன்மேல் வெள்ளைத் தீற்றலும் இருக்கக் கண்டேன். இத்தகைய சந்தர்ப்பத்தில் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடாமல் இருப்பதுதான் முதற்காரியம். தூணின் எண்ணும் தரைக்கோடும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், இருபுறமும் நிற்கும் வண்டிகளின் எண்பலகைகளோடு ஒரு படம், காயத்தைக் கிட்டத்தில் ஒரு படம், அத்துடன் தரையிலிருந்து காயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது விளங்கும்படி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். இடித்தது கதவின் விளிம்பா, இன்னொரு வண்டியின் பம்பரா, தள்ளுவண்டியா என்பதை அந்த உயரமும், ஒட்டியிருக்கும் நிறமும் சேர்ந்து பெரும்பாலும் சொல்லிவிடும்.

அடுத்தது காவலாளியிடம் பேசும் முறை. குறைந்த சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணிநேரம் புகையில் நிற்கும் மனிதரிடம், ஏதோ அவரே இடித்ததுபோல் சீறுகிறவர்களைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும். அது அநியாயம் என்பது ஒருபுறமிருக்க, வேலை போய்விடுமோ என்று அஞ்சியவர் கண்டதையும் காணவில்லை என்றுதான் சொல்வார். நான், "ஐயா, உங்க மேல எந்தக் குறையும் இல்ல, பக்கத்துல நின்ன வண்டி என்னன்னு மட்டும் ஞாபகம் இருக்கா?" என்றுதான் கேட்டேன். சற்று யோசித்து, "வெள்ளைக் கலர் வண்டிங்க சார், இப்பதான் அரைமணி முன்னால போச்சு. நம்பர் கேட்டுல எழுதியிருப்பாங்க" என்றார் அவர். கேமராப் பதிவை நிர்வாகம் நம் கையில் கொடுக்க மறுக்கலாம். ஆனால் பழைய பதிவின்மேல் புதிய பதிவு சில வாரங்களுக்குள் ஏறிவிடுமாதலால், தேதியும் நேரமும் தூணின் எண்ணும் குறிப்பிட்டு, அந்தப் பகுதியை அழியாமல் வைத்திருக்கும்படி அன்றைக்கே கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெற்றால், அந்தக் கடிதத்துக்கு வலு கூடும்.

என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. வாயிலில் எழுதி வைத்திருந்த எண்ணைக் கொண்டு நிர்வாகத்தாரே அந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள்; புதிதாக வேலையில் சேர்ந்த ஓர் இளைஞர் மறுநாளே என் வீட்டுக்கு வந்து, "சார், இறங்கும்போது கதவு பட்டுருச்சு. உங்க வண்டியைப் பார்த்ததும் பயந்துட்டேன், என்ன கேப்பீங்களோன்னு" என்றார். அந்தப் பயத்தை நான் மறக்கவில்லை. விலையுயர்ந்த வண்டிக்காரர்கள் இரக்கமற்றவர்கள் என்ற எண்ணந்தான் பலரை ஓடவைக்கிறது. பிறர் வண்டிக்கு நம்மால் காயம் நேர்ந்தால், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வைப்பரில் செருகுவதோடு நிறுத்தாமல், அதே விவரத்தைக் காவலாளியிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது உத்தமம் என்று அவரிடம் சொன்னேன். பிறகு இருவருமாகவே பட்டறைக்குப் போனோம்.

அங்கே நான் கவனிக்கச் சொல்வது, எந்தக் காயத்துக்கு எந்த வைத்தியம் என்பதை. தொழிற்சாலைப் பூச்சு முழுவதையும் சேர்த்தாலும் கனம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற படலம் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். காயத்தின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டினால், நகம் சிக்காதவை பெரும்பாலும் மேல்படலத்தோடு நின்றவை. ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போதும். எங்கள் வெள்ளைத் தீற்றல் அப்படித்தான் மறைந்தது. அது எதிர்வண்டியின் வர்ணமே தவிர என் வண்டியின் இழப்பு அல்ல. பூச்சு வெடிக்காமல் உலோகம் மட்டும் குழிந்திருந்தால், உட்புறமிருந்து கம்பிகளால் சிறிது சிறிதாக நெம்பி நிமிர்த்தும் கலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வர்ணம் அடிக்காமலே ஒடுக்கு எடுப்பவர் என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். அது முடியுமிடத்தில் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் என்று இறங்க அனுமதிக்கவே கூடாது. தொழிற்சாலைப் பூச்சுக்கு ஈடான பூச்சை எந்தப் பட்டறையும் பிறகு தர முடிவதில்லை. பம்பரில் காயம் என்றால், உள்ளே இருக்கும் சென்சார்களின்மேல் கனமாக வர்ணம் ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தூரத்தைக் கணிக்கும் ரேடார் உள்ள வண்டியில், வேலை முடிந்ததும் அதைச் சரிநிலைப்படுத்தியதற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்க வேண்டும். அந்த இளைஞர் கூலியைக் கொடுத்தார், பாக்கி ஏதுமில்லை என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், மனஸ்தாபமின்றிப் பிரிந்தோம்.

இடித்தவர் அகப்படாத சமயங்களில் இன்சூரன்ஸை நாடலாமா என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் நிதானமான கணக்கு வேண்டும். க்ளெய்ம் செய்யாத வருஷங்களுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து ஆண்டுகளில் ஏறுகிறது. 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரே ஒரு க்ளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யமாகி, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அந்த ஐந்து வருஷங்களில் இழப்பது முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம், ஆக மொத்தம் 125 சதவீதம். அதாவது தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 60,000 ரூபாய் என்றால், இழப்பு 75,000 ரூபாய் வரை போகும். வண்டியின் மதிப்பு வருஷந்தோறும் குறைந்து பிரீமியமும் இறங்குவதால் உண்மையில் அது சற்றுக் குறையலாம். எனினும் பதினைந்தாயிரத்தில் முடியும் கீறலுக்கு க்ளெய்ம் செய்வது நஷ்டமே என்பதில் ஐயமில்லை. தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் அம்சம் பாலிசியில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். பெரிய சேதத்துக்கோ தயங்காமல் க்ளெய்ம் செய்ய வேண்டும். ஆனால் 'பம்பர் டு பம்பர்' என்று வழங்கும் தேய்மானமற்ற பாலிசி இல்லாதவர், பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதியைத் தம் கையிலிருந்தே போட வேண்டிவரும் என்பதையும், 1500 சி.சி.க்கு மேற்பட்ட இன்ஜினுக்கு முதல் 2,000 ரூபாய் எப்போதும் உரிமையாளர் பொறுப்பே என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் விழுந்த காயங்களை ஒரே விபத்தாக எழுதித் தரும்படி சில பட்டறைக்காரர்கள் தூண்டுவார்கள், அது பொய், அதற்கு உடன்படவே கூடாது.

கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் வாலே பார்க்கிங்கில் சாவியைக் கொடுக்குமுன், வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, கிலோமீட்டர் கணக்கையும் அதில் பதிந்துகொள்கிறேன். டோக்கனின் பின்புறத்தில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. 1998இல் தில்லி ஹோட்டல் ஒன்றில் அப்படிக் கொடுத்த மாருதி ஜென் களவுபோன வழக்கில், சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட ஹோட்டல், தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அத்தகைய வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது களவு பற்றிய வழக்குதான். ஆயினும் ஒப்படைத்த பொருளைக் கவனமாகக் காக்கும் கடமை 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருப்பதால், கீறலோடு திரும்பி வரும் வண்டிக்காகவும் நாம் அதே நியாயத்தைக் கேட்கலாம். அதற்கு அந்த வீடியோதான் சாட்சியம். திரும்பி வந்த வண்டியை டோக்கன் கொடுத்த மேஜைக்கு முன்பாகவே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். வாயிலைத் தாண்டிய பிறகு சொல்லும் புகாரை எவரும் ஏற்பதில்லை.

பட்டறை ரசீதுகளையும், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வண்டியின் பெயரில் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் இப்போது பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். ஒரு கதவில் மட்டும் கனம் கூடுதலாகக் காட்டினால் பெரும் விபத்தோ என்று சந்தேகித்து விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். முந்தைய வண்டியை விற்றபோது, வாங்க வந்தவர் கருவியை எடுக்குமுன்பே இந்தக் கோப்பை அவர் கையில் கொடுத்து, எந்தக் கதவு, எப்போது, ஏன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேசிய விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.