கடல் கடந்த இசைவாணர்

ஜெர்மனியில் சாலே ஆற்றின் கரையில் அமைந்த நகரம் ஹாலே. அந்நகரில் 1685ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் ஹேண்டல் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். மகன் சட்டம் பயின்று உயர்பதவி பெற வேண்டும் என்பது அவரது விருப்பம். மகனுக்கோ இசையின்மீது தீராத வேட்கை. சிறுவன் ஆர்கன் வாசித்ததைக் கேட்ட சிற்றரசர் ஒருவர் தந்தையாரிடம் எடுத்துக் கூறிய பின்னரே இசை பயில இசைவு கிடைத்தது என்பர். சக்கோவ் என்னும் ஆசிரியர் அவருக்கு இசைக்கருவிகளையும் இசையமைக்கும் முறையையும் கற்பித்தார்.

ஹேண்டல் தம் 18ஆம் அகவையில் ஹாம்பர்க் நகரை அடைந்தார். அங்கு ஓர் இசைநாடகம் நிகழ்கையில், ஹார்ப்சிகார்டு முன் அமர்வது யார் என்பதில் நண்பர் மாத்தெசனோடு பூசல் மூண்டது. இருவரும் வெளியே வந்து வாள் உருவினர்! நண்பரின் வாள் ஹேண்டலின் சட்டைப் பொத்தானில் பட்டு முறிந்தமையால் உயிர் தப்பினார். சில நாள்களில் இருவரும் மீண்டும் நண்பராயினர்.

பின்னர் இத்தாலியில் சில ஆண்டுகள் தங்கி, இசைநாடகக் கலையில் தேர்ந்தார். 1710இல் ஹனோவர் அரசவையில் பணியேற்றார். ஆயினும் அவர் உள்ளம் இலண்டனை நாடியது. 1711இல் அவரது 'ரினால்டோ' அங்கு அரங்கேறிப் பெரும்புகழ் ஈட்டியது. உரிய காலத்தில் திரும்ப வேண்டும் என்னும் கட்டளையோடு மறுமுறை விடுப்புப் பெற்றுச் சென்றவர் திரும்பவே இல்லை. 1714இல் அந்த ஹனோவர் மன்னரே இங்கிலாந்தின் அரசராக முடிசூடினார்! எனினும் அரசர் அவரை ஒறுக்கவில்லை. 1717இல் அரசர் தேம்ஸ் ஆற்றில் உலா வந்தபோது, ஹேண்டலின் இசையை ஏறத்தாழ 50 கலைஞர் தனிப்படகில் இசைத்தனர். 1727இல் ஹேண்டல் பிரிட்டானியக் குடியுரிமை பெற்றார். ஊர் மாறியது, பெயரின் எழுத்தும் ஒலியும்கூட ஆங்கிலேயர்க்கு ஏற்ப மாறின.

காலப்போக்கில் இத்தாலிய மொழி இசைநாடகங்கள்மீது இலண்டன் மக்களுக்கு ஆர்வம் குன்றியது. 1737இல் நோயுற்று, ஹேண்டலின் வலக்கை செயலிழந்தது. ஆகன் நகரின் வெந்நீர் ஊற்றுகளில் நீராடி நலம் பெற்றார். அதன்பின் மக்களின் மொழியாகிய ஆங்கிலத்திலேயே பெருமளவில் இசைப்பாக்களை அமைத்தார். அவற்றுள் தலைசிறந்தது 'மெசையா'. 1741இல் 24 நாள்களில் அதனை இயற்றினார். 1742 ஏப்ரல் 13இல் அது டப்ளின் நகரில் அரங்கேறியது. இடநெருக்கடி கருதி, மகளிர் வளையம் வைத்த பாவாடையையும் ஆடவர் வாளையும் தவிர்க்குமாறு வேண்டப்பட்டனர். அங்குத் திரண்ட பொருளின் ஒரு பகுதியால், கடன்பட்டுச் சிறையிருந்த 142 பேர் விடுதலை பெற்றனர்.

ஹேண்டல் தங்கையின் கணவருக்கு எழுதிய மடல்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் அமைந்தவை. கற்றோரின் அக்கால வழக்கம் அது. இலண்டன் வாழ்வோ ஆங்கிலத்தில் கழிந்தது. 1751 பிப்ரவரி 13ஆம் நாள், 'ஜெப்தா' என்னும் ஆங்கில இசைப்பாவை எழுதிக்கொண்டிருந்தபோது அவரது இடக்கண்ணின் பார்வை மங்கியது. எழுதுகோலை வைத்துவிட்டு, அத்தாளின் அடியில் அச்செய்தியைக் குறித்தார். பத்து நாள் கழித்துப் பார்வை சற்றுத் தெளிய, அதையும் குறித்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். இரு குறிப்புகளும் ஜெர்மன் மொழியில் உள்ளன. இலண்டனில் அவர் குடியேறி அப்போது 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

பின்பு பார்வை முற்றும் அற்றது. அந்நிலையிலும் அவையோர் முன் ஆர்கன் வாசித்து வந்தார். 1759 ஏப்ரல் 14இல் மறைந்த அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தம் பெருஞ்செல்வத்தில் நண்பர்க்கும் பணியாளர்க்கும் அளித்தவை போக, எஞ்சியதை ஜெர்மனியில் வாழ்ந்த தங்கை மகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

சொற்பொருள்: அகவை – வயது, பூசல் – சண்டை, ஒறுத்தல் – தண்டித்தல், மடல் – கடிதம்.

பயிற்சி
1. ஹேண்டலின் உயிரைக் காத்த பொருள் யாது?
2. 'ஜெப்தா' கைப்படியில் உள்ள குறிப்புகள் எதைப் பற்றியவை? ஆங்கில இசைப்பாவில் அவற்றை ஜெர்மன் மொழியில் அவர் எழுதியது ஏன் என்று கருதுகிறாய்?
3. உன் வீட்டில் பெரியோர் எவ்வெப்போது தமிழில் பேசுகின்றனர்? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.