மழைக்கு முன் மாற்ற வேண்டிய ஷாக் அப்சார்பர்கள்: பழைய கார் வைத்திருப்போருக்கு

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது என்பதால், பத்தாண்டுகளைக் கடந்த மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களை இன்னும் அன்றாடம் ஓட்டுவோர் புரட்டாசி முடிவதற்குள் அவற்றின் ஷாக் அப்சார்பர்களைச் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஷாக் காய்ந்த சாலையில் பெரும்பாலும் உடல் அலுப்பாகவே உணரப்படுகிறது; ஈரச் சாலையிலோ, பள்ளத்தில் இறங்கி எழுந்த சக்கரம் உடனே தரையில் படியாமல் துள்ளும் அந்த நொடியில் பிரேக், ஸ்டீயரிங் இரண்டுமே பிடிமானத்தை இழக்கின்றன. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாத மாதங்களில் இந்தத் துள்ளலைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தானது.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கி எழுந்த ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். ஆயில் நிறைந்த குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகர, அதிலுள்ள சிறு வால்வுத் துளைகளின் வழியே ஆயில் நெருக்கிக்கொண்டு பாயும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகி வெளியேறுகிறது. ஸ்ட்ரட் என்பது இந்த ஷாக்கையே உள்ளடக்கி, ஸ்பிரிங்கைத் தன்மேல் சுமந்து, சக்கரத்தின் நிமிர்வைக் காத்து, ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பவும் செய்கிற அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் வடிவமைத்த இந்த முறையே மேற்சொன்ன கார்களின் முன்பக்கத்தில் உள்ளது. எனவே முன்பக்க ஸ்ட்ரட்டின் தண்டு தேய்ந்தாலோ வளைந்தாலோ சொகுசு மட்டும் குறைவதில்லை, சக்கரத்தின் கோணமே மாறிவிடுகிறது.

காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையில், கார் ஒருமுறை எழுந்து அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று துணியலாம். ஆனால் ஆடவில்லை என்பதாலேயே அது நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது, ஏனெனில் வால்வுகளின் பாதித் தேய்வு கையழுத்தத்தில் வெளிப்படுவதில்லை. முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பி நிறுத்தி, ஸ்ட்ரட் தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பது இதைவிட நம்பத்தக்கது. தண்டு பளபளப்பாக இருந்து, குழாயின் மேல்விளிம்பைத் தொட்டால் விரலில் மெல்லிய ஈரம் மட்டும் ஒட்டுமானால் அது இயல்பே. தண்டில் கீறலோ துருப்புள்ளியோ தென்பட்டு, ஆயில் வழிந்த தடத்தில் புழுதி சேறாகப் படிந்து குழாயின் பாதிவரை இறங்கியிருந்தால் சீல் கிழிந்துவிட்டது என்று பொருள். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவும்போது மேடும் குழியுமாகத் தட்டுப்படுவதும், பிரேக் பிடித்தால் காரின் முன்பகுதி ஆழ அமிழ்வதும் அதே முடிவையே உறுதிசெய்யும். சமதளத்தில் நிறுத்திய காரின் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளந்து, உயரம் வேறுபட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றுப் படும் கடலோர ஊர்களில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து முறிவதுண்டு.

கடினமான ஷாக்கே நல்ல ஷாக் என்ற எண்ணம் வாங்குவோரிடமும் சில பட்டறைகளிலும் நிலவுகிறது. பழைய காரைப் பொறுத்தவரை அது தவறான எண்ணம். பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த ஸ்பிரிங்கோடு அளவுக்கு மீறிய விறைப்புள்ள ஷாக்கைச் சேர்த்தால், தொடர்ந்து வரும் பள்ளங்களில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர நேரமின்றி மேலும் மேலும் அமுங்குவதோடு, ஒவ்வோர் அடியும் துருவேறிய பாடியின் வெல்டிங் இணைப்புகளுக்கே போய்ச் சேருகிறது. ஆயிலோடு குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக்குகள், வேகமான அசைவில் ஆயில் நுரைப்பதைக் குறைப்பதால், அந்தக் காருக்கென்றே தயாரிக்கப்பட்டிருக்கும்பட்சத்தில் ஏற்றவை. உயர் அழுத்த ஒற்றைக் குழாய் வகையோ பழைய சிறு கார்களுக்குப் பெரும்பாலும் தேவையற்ற செலவு. கார் நிறுவனத்தின் அசல் உதிரிபாகம், 1961இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா, மன்ரோ, கேஒய்பி ஆகியவற்றில் எதைத் தேர்ந்தாலும், பெயரைவிடப் பாக எண்ணே முக்கியம். ஒரே மாடலிலும் டீசல் இன்ஜினின் கூடுதல் எடையால் முன்பக்கப் பாகம் வேறாக இருக்கக்கூடும் என்பதாலும், பிரேக் ஹோஸ் தாங்கியின் அமைப்பால் இடது, வலது ஸ்ட்ரட்டுகள் வேறுபடும் என்பதாலும், ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கடையில் காட்டியே வாங்க வேண்டும்.

பழைய ஷாக்கில் துளையிட்டு, ஆயில் ஊற்றி, மீண்டும் வெல்டிங் வைத்துத் தரும் ரீகண்டிஷன் பாகங்களையும், சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பிரித்தெடுத்து விற்கப்படும் பழைய ஷாக்குகளையும் அறவே தவிர்க்க வேண்டும். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம், உள்ளே வால்வு எந்த நிலையில் இருக்கிறதென்று வெளியிலிருந்து அறியமுடியாத ஒரு பாகத்தை வாங்கக் கூடாது. தளர்ந்த காரை உயர்த்துவதற்காக ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையே செருகும் ரப்பர் பஃபர்களும் தீர்வாகா. அவை ஸ்பிரிங்கின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்து, மற்றச் சுற்றுகளின் மேல் சுமையைக் கூட்டுகின்றன.

ஸ்ட்ரட்டைக் காரோடு இணைக்கும் மேல் மவுண்டிங், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், ரப்பர் உறை ஆகிய நான்கையும் ஸ்ட்ரட்டோடு சேர்த்தே மாற்றுவது சிக்கனம், ஏனெனில் பின்னர் அவற்றுக்காக அதே வேலையை மறுபடி செய்து அதே கூலியைக் கொடுக்க நேரும். வெடித்த மவுண்டிங்கோடு புதிய ஸ்ட்ரட் பொருத்தப்பட்ட கார் பழைய ‘டக் டக்’ ஓசையோடுதான் பட்டறையிலிருந்து வெளியே வரும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு ஆகியவற்றையும் அப்போதே அசைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பொருத்தும்போது மூன்று செய்திகளில் உரிமையாளரே கண் வைப்பது நல்லது. கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறி உயிருக்கே ஆபத்தாகலாம். கிடையில் வைத்து அனுப்பப்பட்ட புதிய ஷாக்கின் ஆயில் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்திருக்கக்கூடும் என்பதால், அதை நிமிர்த்திப் பிடித்துச் சில முறை அழுத்தி இழுத்த பிறகே மாட்ட வேண்டும். அப்போது பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்தால் விழும் கீறலே புதிய சீலைச் சில மாதங்களில் அறுத்துவிடும். வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் கட்டாயம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பட்டறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், பாக எண் பொறித்த பில்லோடு உதிரிபாகங்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற இயலாதோர் கசிவுள்ள பக்கத்தையும், எதுவும் கசியாமல் வயதால் மட்டும் தளர்ந்திருந்தால் முன்பக்க ஸ்ட்ரட்டுகளையும் முதலில் மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் முன்பக்கமானாலும் பின்பக்கமானாலும் இடதும் வலதும் சேர்த்து ஜோடியாகவே மாற்ற வேண்டும்.